தீயணைக்கும் நீச்சல் குளம்

வீட்டில் தீப்பிடித்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். தென்னாப்பிரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜேக்கப் ஜூமா நீச்சல் குளம் வைத்திருந்தார். ன்காண்ட்லா கிராமத்தில், அவருடைய சொந்த வீட்டில், அரசாங்கச் செலவில்!

கேட்டால், 'அது நீச்சல் குளமே இல்லீங்க, தீயணைக்கத் தண்ணீர் தேக்கும் ஏற்பாடு' என்றார்கள். 2015-ல் போலீஸ் மந்திரி நிருபர்களைக் கூட்டி, தீயணைப்பு வீரர்கள் அந்தக் குளத்துத் தண்ணீரை உறிஞ்சி அடிக்கும் வீடியோவையே போட்டுக் காட்டினார். வேர்த்து விறுவிறுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே! மாட்டுத்தொழுவம், கோழிக்கூண்டு, திறந்தவெளி அரங்கம் எல்லாமே 'பாதுகாப்பு' கணக்கில் ஏறியிருந்தன. திட்டத்தின் மொத்த மதிப்பு 24.6 கோடி ராண்ட்.

பி.காம். முதல் வருஷத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: கடைக் கணக்கு வேறு, முதலாளியின் வீட்டுக் கணக்கு வேறு. கல்லாவிலிருந்து முதலாளியே நூறு ரூபாய் எடுத்தாலும் 'எடுப்பு' என்று எழுதியாக வேண்டும். அத்தனை பெரிய தேசத்தை ஆண்டவருக்கு இந்த ஒரு பாடம் தெரியாமல் போனதா?

'ஜெயிலுக்குப் போன மனுஷன்யா... ஒரு வீடு கட்டினா என்ன?' என்று பரிந்து பேசுகிறவர்கள் அங்கே இன்னமும் உண்டு. தியாகம் நிஜம்தான். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். அம்மா டர்பனில் வீட்டு வேலை செய்தவர். பள்ளிக்கூடம் சரியாகக் கிடைக்கவில்லை. 1959-ல், 17 வயதில், ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸில் சேர்ந்தார். 1963-ல் கைது. மண்டேலா இருந்த அதே ராபன் தீவில் 10 வருஷம். ஒரு ராத்திரி கரண்ட் போனாலே புலம்புகிற நான் அதைக் குறைத்துப் பேச முடியாது.

ஆட்சியிலும் நல்லது செய்யவில்லை என்றில்லை. முன்பு ஆண்ட தாபோ எம்பெக்கி, எய்ட்ஸுக்குக் காரணம் ஹெச்ஐவிதானா என்றே சந்தேகப்பட்டவர். ஜூமா காலத்தில்தான் மருந்து பெரிய அளவில் ஏழைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வரவுப் பக்கத்தில் இதையும் எழுதுவோம்.

சரி, பற்றுப் பக்கம்?

2005-ல் அவருடைய நிதி ஆலோசகர் ஷபீர் ஷேக் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டார். துணை ஜனாதிபதி பதவியிலிருந்து ஜூமாவை எம்பெக்கி நீக்கினார். அப்போதே கட்சி விழித்திருக்க வேண்டும். மாறாக, 2007-ல் அவரையே தலைவராக்கியது. 2009-ல் ஜனாதிபதி. நம்ம ஊர் சஹாரன்பூரிலிருந்து போன குப்தா சகோதரர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு 2013-ல் விருந்தாளிகள் வந்த விமானம், விமானப்படைத் தளத்தில் இறங்கியது! நிதி மந்திரி பதவியையே குப்தாக்கள் தனக்குத் தர முன்வந்ததாகத் துணை நிதி மந்திரி ஜோனஸ் 2016-ல் பகிரங்கமாகச் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள்.

அதே 2016-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், ஜூமா அரசியல் சட்டத்தை மீறினார் என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத வேலைகளுக்காக அவர் திருப்பிக் கட்ட வேண்டியது 78 லட்சம் ராண்ட். பதவி நீக்கத் தீர்மானம் வந்தபோது கட்சி எம்.பி.க்கள் காப்பாற்றினார்கள்.

பணத்தை எப்படிக் கட்டினார் தெரியுமா? விபிஎஸ் என்கிற சின்ன வங்கியில் கடன் வாங்கி. லிம்போபோ மாகாணத்துக் கிராமத்து ஜனங்களும், சாவுச் செலவுக்காகச் சீட்டுப் போல் காசு சேர்க்கும் சங்கங்களும் நம்பியிருந்த வங்கி அது. 2018-ல் கவிழ்ந்தது. ஜூமாவின் கடனால் அல்ல; உள்ளே இருந்தவர்களும் கூட்டாளிகளும் சுருட்டிய ஏறக்குறைய 200 கோடி ராண்டால். ஆனால் பாருங்கள், ஜனாதிபதியின் குளத்துக்கான பில்லைக் கட்டக் கைகொடுத்தது, சவப்பெட்டிக்குச் சேர்த்த ஏழைக் காசு இருந்த கல்லா. கல்லா காலியானதும் பாஸ்புக்கோடு வரிசையில் நின்றவர்கள் வயசான பென்ஷன்காரர்கள்.

2018-ல் பதவி போனது. விசாரணைக் கமிஷன் கூப்பிட்டது. நீதிமன்றம் உத்தரவிட்டும் போகவில்லை. 2021-ல் 15 மாதச் சிறை. உடனே கலவரம். 350 பேருக்கு மேல் செத்தார்கள். நம் தமிழ் வம்சாவளியினரும் வாழ்கிற டர்பன் ஃபீனிக்ஸ் பகுதியிலும் ரத்தம். அவரோ இரண்டே மாதத்தில் மருத்துவ பரோலில் வெளியே! 2024 தேர்தலில் அவருடைய புதுக் கட்சிக்கு 14 சதவிகிதத்துக்கு மேல் ஓட்டு.

ராபன் தீவில் அவர் கல்லுடைத்த காலத்தில் கேட்டது என்ன? வெள்ளையனுக்கு ஒரு சட்டம், கறுப்பனுக்கு ஒரு சட்டம் கூடாது என்பதுதானே? அந்தப் பத்து வருஷத்தைக் காட்டியே தனக்கென்று தனிச் சட்டம் கேட்டால், அந்தத் தியாகத்தை அழிப்பது யார்? எதிரிகளா, அவரேவா?

தியாகிகளைக் கையெடுத்துக் கும்பிடுவோம். கும்பிட்டு முடித்ததும் பில்லைக் கேட்போம்.