கோல்ஃப் கார்ட் பேட்டரி டீப் சைக்கிளா? கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்போம்

வண்டலூர் பூங்காவில் பெரியவங்களையும் குழந்தைகளையும் ஏத்திக்கிட்டு சத்தமில்லாமப் போகும் பேட்டரி காரைப் பார்த்திருப்பீங்க. எழும்பூர் ஸ்டேஷன் பிளாட்ஃபார்மிலும் பார்த்திருப்பீங்க. ரெண்டும் கோல்ஃப் கார்ட்டுக்குச் சொந்தக்காரங்கதான். அதனால கோல்ஃப் மைதானம் பக்கமே போகாத நமக்கும் ஃபைனல் இயர் புராஜெக்ட் சமயத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: கோல்ஃப் கார்ட் பேட்டரி டீப் சைக்கிளா, இல்லையா?

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். ஆமாம், டீப் சைக்கிள்தான். ஆனால் ஸ்டிக்கரில் இருக்கும் பெயரைப் பார்த்து பேட்டரி வாங்குவதை நாம் நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கட்சி. தினமும் அதிலிருந்து எவ்வளவு எடுக்கப்போறோம்னு கணக்குப் போட்டுட்டுத்தான் கடைக்குப் போகணும்.

"கார் பேட்டரியும் 12 வோல்ட், அதுவும் ஈயம், ஆசிட். அப்புறம் என்ன?" என்று கேட்காத புராஜெக்ட் டீம் இல்லை. வித்தியாசம் உள்ளே இருக்கும் பிளேட்டில். கார் பேட்டரியின் வேலை செல்ஃப் எடுக்க வைப்பது. மூணு விநாடிக்கு 200 ஆம்பியர் கொடுத்தாலும், செலவானது 0.2 ஆம்பியர் அவருக்கும் கீழே. 35 ஆம்பியர் அவர் பேட்டரியில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. வண்டி ஓட ஆரம்பித்ததும் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும். ஒரே நொடியில் பெரிய கரண்ட் வேண்டும் என்பதால் நிறைய மெல்லிய பிளேட் வைத்திருப்பார்கள். அதையே அடிவரைக்கும் இறக்கி ஏற்றினால், பிளேட்டில் இருக்கும் பசை உதிர ஆரம்பிக்கும். சில பத்து முறையிலேயே கதை முடியலாம்.

கோல்ஃப் கார்ட் பேட்டரி நேர் எதிர். மணிக்கணக்கில் ஓட வேண்டும், ராத்திரி சார்ஜ் ஏற வேண்டும், மறுநாளும் அதே கதை. அதனால் தடிமனான பிளேட், அடர்த்தியான பசை. 12 வோல்ட்டுக்குப் பதில் 6 வோல்ட் பெட்டியாக வருவதற்கும் காரணம் உண்டு. ஆறு செல்லுக்குப் பதில் மூன்றே செல் என்பதால், தூக்கக்கூடிய ஒரு பெட்டிக்குள்ளேயே பெரிய, தடித்த பிளேட்டுகளை வைக்க முடிகிறது. அப்படிப்பட்ட 6 வோல்ட் பேட்டரி ஒன்று சுமார் 220 ஆம்பியர் அவர் கொடுக்கும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல நூறு முறை இறங்கி ஏறும். நம்ம வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் பேட்டரியும் இதே வேலைக்குத்தான். அதில் பசையைக் குழாய்க்குள் அடைத்திருப்பதால் சீக்கிரம் உதிராது.

இப்போ புராஜெக்ட் கணக்கு. 48 வோல்ட், 500 வாட் மோட்டார் என்றால் சுமார் 10 ஆம்பியர். ரெண்டு மணி நேரம் ஓட்டினால் 20 ஆம்பியர் அவர். புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய நாலு 35 ஆம்பியர் அவர் கார் பேட்டரிகளை வரிசையாக இணைத்தால், ஒவ்வொரு டெஸ்ட் ரன்னும் பாதிக்கு மேல் உறிஞ்சும். ரிவ்யூவுக்கு ஓடும் வண்டி வைவாவுக்கு ஓடுமா என்பது சந்தேகம்தான்.

வீட்டுக் கணக்கு இதைவிட முக்கியம். ரெண்டு ஃபேன், நாலு எல்இடி டியூப், ஒரு ரவுட்டர் சேர்ந்து 240 வாட் என்று வைத்துக்கொள்வோம். இன்வெர்ட்டரில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 25 ஆம்பியர். 150ஐ 25ஆல் வகுத்து ஆறு மணி நேரம் வரும்னு நினைப்பீங்க. வராது. அந்த 150 என்பது 20 மணி நேரம் 7.5 ஆம்பியராக மெதுவாக எடுத்தால் கிடைப்பது. வேகமாக எடுத்தால் கொள்ளளவு சுருங்கும். 1897லேயே பியூகர்ட் சொன்ன விதி இது. அஞ்சு மணி நேரம் வந்தாலே பெரிசு. பேட்டரி நாள்பட உழைக்கணும்னா பாதியில் நிறுத்தணும், அதாவது ரெண்டரை மணி நேரம்.

2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாள்கணக்கில் கரண்ட் இல்லாத வீட்டில் நெபுலைசர் வைத்திருக்கும் தாத்தா இருந்தால், இந்தக் கணக்கு வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. முதல் மணி நேரத்திலேயே ஒரு ஃபேனை நிறுத்தணும் என்ற முடிவு இதிலிருந்துதான் வருது.

"டீப் சைக்கிள் விலை அதிகம்" என்பது நியாயமான மறுப்பு. வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் மட்டும் கரண்ட் போகும் வீட்டுக்கு, விலை குறைந்த தட்டைப் பிளேட் இன்வெர்ட்டர் பேட்டரியே போதும். ஆனால் தினமும் ஆழமாக இறக்கும் இடத்தில் மலிவான பேட்டரியை அடிக்கடி மாற்றினால், மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

இன்னொன்று, டீப் சைக்கிள் என்பது காலியாகும் வரை உறிஞ்ச லைசென்ஸ் இல்லை. இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டால் ஈய சல்பேட் கெட்டிப்படும், பிறகு சார்ஜ் ஏறாது. டிஸ்டில்டு வாட்டர் மறந்தால் பிளேட் காயும். நம்ம ஊர் வெயிலும் சேர்ந்துகொள்ளும்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. மொட்டைமாடித் தகர ஷெட்டில் வைக்காதீங்க. வெள்ளம் வரும் தெருவில் தரையிலும் வைக்காதீங்க.

செத்த பேட்டரி ஒவ்வொன்றும் ஈயமும் ஆசிட்டும்தான். தெருவோரத்தில் உடைத்து உருக்கினால் அந்த விஷம் நம்ம மண்ணுக்குத்தான். அதனால் பழையதைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்க.

துறைகளுக்கு ஒரு வேண்டுகோள்: பேட்டரி உள்ள எந்த புராஜெக்ட்டுக்கும் முதல் ரிவ்யூவிலேயே ஒரு பக்க டிஸ்சார்ஜ் கணக்கு கேளுங்கள். உங்களுக்கும் ஒன்று: கடையில் "எத்தனை ஆம்பியர் அவர்?" என்பதோடு நிறுத்தாதீங்க. "எத்தனை மணி நேரக் கணக்கில்? பாதி இறக்கினால் எத்தனை சைக்கிள்?" என்று கேளுங்க. பதில் தெரியாத கடையில் அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.