வண்டி ஏறிய வைத்தியம்

ஆம்புலன்ஸ் என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது அதன் அலறலும் ஓட்டமுந்தான். வீதியில் அது வரக் கண்டால் ஒதுங்கி வழி விடுகிறோம். உள்ளே கிடப்பவர் யாரோ, பிழைக்க வேண்டுமே என்று மனத்துக்குள் ஒரு கணம் வேண்டிக் கொள்ளவும் செய்கிறோம். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி நினைப்பவர் அரிது. நோயாளியின் பிராணன் பல சமயங்களில் வண்டியின் வேகத்தைக் காட்டிலும் அந்த மனிதருடைய கைத்திறனையே நம்பியிருக்கிறது. இதை உலகம் உணர்ந்து வெகு காலம் ஆகிவிடவில்லை. உணர்த்தியவர்களில் முன்னணியில் நின்றவர்களோ, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து ஏழைப் பேட்டை ஒன்றில் வேலையின்றித் திரிந்த கறுப்பு இனத்து வாலிபர்கள்.

செல்வத்துக்கும் யந்திரங்களுக்கும் பேர் போன தேசம் அமெரிக்கா. ஆயினும் 1960-களின் நடுப்பகுதியில் அங்கே ஓடிய ஆம்புலன்ஸ்களில் ஏறக்குறையப் பாதியை நடத்தி வந்தவர்கள் யார் என்று நேயர்கள் நினைக்கிறீர்கள்? பிரேத அடக்கம் செய்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள்! மனிதனைப் படுக்க வைத்துக் கொண்டு போகக் கூடிய நீண்ட மோட்டார் அவர்களிடந்தான் இருந்தது. நோயாளி பிழைத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன கூலி. பிழைக்காவிட்டால் வேறு கூலி. எப்படியும் அவர்களுக்கு நஷ்டமில்லை. 1966-ஆம் வருஷம் அந்நாட்டு விஞ்ஞானக் கழகம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, முந்திய ஆண்டில் விபத்துக்களில் 107,000 பேர் மாண்டதை எடுத்துக் காட்டியது. அவர்களில் 49,000 பேர் மோட்டார் விபத்துக்களில் இறந்தவர்கள்.

பிட்ஸ்பர்க்கில் இந்த வேலையைப் போலீஸார் பார்த்து வந்தனர். கைதிகளை ஏற்றும் அதே வண்டியில் நோயாளியையும் ஏற்றுவார்கள். ஏற்றியவர்கள் முன்புறம் உட்கார்ந்து வண்டியை விரட்ட, பின்புறம் நோயாளி தன்னந்தனியே கிடப்பார். ஹில் டிஸ்ட்ரிக்ட் என்னும் கறுப்பு மக்களின் பேட்டையில், போலீஸைக் கூப்பிடுவதைவிட நோயோடு கிடப்பதே மேல் என்று எண்ணியவர்கள் பலர். கூப்பிட்டாலும் வண்டி வரும் என்ற நிச்சயமில்லை.

இந்த ஏற்பாட்டினால் ஏழைகள் மட்டும் மாண்டிருந்தால் அது இன்னும் வெகு காலம் நீடித்திருக்கும் என்பது நமது அபிப்பிராயம். 1966 நவம்பரில் டேவிட் லாரன்ஸ் என்பவர் தேர்தல் கூட்டமொன்றில் பேசிக் கொண்டிருக்கையில் மாரடைத்து விழுந்தார். அந்நகரத்தின் மேயராகவும் மாகாண கவர்னராகவும் இருந்தவர் அவர். அவரையும் போலீஸ் வண்டியிலேதான் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் இருதயத்தை மறுபடி இயங்கச் செய்தும் பயனில்லை. நினைவு திரும்பாமலே சில தினங்களில் காலமானார். இவர் மேயராயிருந்த காலத்தில்தான், நகரைப் புதுப்பிக்கிறோம் என்று ஹில் பேட்டையின் கீழ்ப்பகுதியை இடித்துத் தள்ளினார்கள். சுமார் 8,000 பேர் அதனால் வீடிழந்தனர்.

லாரன்ஸுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பீட்டர் ஸாஃபர் வியன்னாவில் பிறந்தவர். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதியும், மார்பை அழுத்தியும் நின்று போன உயிரோட்டத்தை மீட்கும் முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். அதே 1966-ல் அவருடைய சிறு மகள் ஆஸ்துமாவினால் இறந்து போனாள். தமது வித்தை ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது என்பது அந்தத் தந்தைக்கு எப்படி உறைத்திருக்கும் என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை. அதை வீதிக்குக் கொண்டு போக வேண்டும். ஆனால் கொண்டு போக ஆட்கள் எங்கே?

ஹில் பேட்டையில் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’, அதாவது விடுதலை இல்லம், என்றொரு சங்கம் இருந்தது. பேட்டை மக்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதும், ஏழை வீடுகளுக்கு வண்டியில் காய்கறி கொண்டு போய்க் கொடுப்பதும் அதன் பணி. வண்டி இருக்கிறது, வேலை வேண்டும் என்கிற வாலிபர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுத்தால் என்ன என்ற யோசனை பிலிப் ஹாலன் என்பவருக்குத் தோன்றியது. அவர் ஒரு தர்ம நிதியின் தலைவர். முன்னொரு காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். அவரும் ஸாஃபரும் சங்கத்தாரும் கூடிப் பேசினார்கள்.

உயர்தரப் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியவர்கள், சிறை வாசம் கண்டவர்கள் ஆகியோரெல்லாம் அந்த முதல் மாணாக்கர்களில் இருந்தனர். இவர்களுக்கு ஸாஃபர் வைத்த பாடம் சுமார் 300 மணி நேரம். தேக அமைப்பு, சுவாசம், இருதயம் என்று ஏட்டுப் படிப்பு ஒருபுறம். ஆஸ்பத்திரியில் நின்று கைப்படச் செய்து பழகுவது மறுபுறம். முதலுதவிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சான்றிதழ் வாங்கிப் போகும் விஷயமாக அவர் அதை வைக்கவில்லை. வண்டியையும் புதிதாகத் திட்டமிட்டார். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து சிகிச்சை செய்ய அதில் இடம் இருந்தது. இப்படிச் சின்ன விஷயமாகத் தோன்றும் ஒன்றுக்காக எத்தனை உயிர்கள் காத்திருந்தன!

1968-ல் வண்டிகள் ஓடத் தொடங்கின. முதல் வருஷத்தில் ஏறத்தாழ 5,800 அழைப்புகளுக்குப் போய், 4,600 பேரை ஏற்றி வந்தார்கள். அவர்களில் சுமார் 200 பேரின் உயிர் இவர்களால் தப்பியது என்று ஸாஃபர் கணக்கிட்டார். ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை செய்து கொண்டிருந்த ஜான் மூன் என்ற வாலிபர் ஒரு நாள், கறுப்பு இனத்தவர் இருவர் நோயாளியைக் கொண்டு வந்து, டாக்டர்களிடம் அதிகாரத்தோடு விவரம் சொல்வதைக் கண்டார். தம்மை அதுவரை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்காத அந்த ஆஸ்பத்திரியில் இப்படியும் நடக்குமா என்று வியந்தார். தாமும் போய்ச் சேர்ந்து விட்டார்.

பிற்பாடு நான்ஸி கரோலின் என்ற இளம் பெண் டாக்டர் இவர்களுக்கு வைத்தியத் தலைமை ஏற்றார். அவர்களோடு வண்டியில் ஏறிப் போய் வீதியிலேயே பாடம் நடத்தினார். அமெரிக்க தேசம் முழுவதற்குமான பாராமெடிக் பாடத்திட்டத்தை எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதற்கு உரைகல்லாக இருந்தவர்கள் இந்த ஹில் பேட்டைக்காரர்களே. அவர் எழுதிய பாட நூல் 1979-ல் வெளியாகிப் பல பதிப்புகள் கண்டது.

ஆனால் நூல் வெளியாகும்போது விடுதலை இல்லத்து வண்டிகள் இல்லை. ஏழைப் பேட்டைக்கு உள்ள வசதி எங்களுக்கு ஏன் இல்லை என்று செல்வர் வசித்த பகுதிகளில் கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். நகர சபை அதற்குக் கண்ட விடை, அந்தச் சங்கத்தையே ஊரெங்கும் விரிவாக்குவதன்று. சொந்தமாக ஒரு இலாகாவை ஏற்படுத்திக் கொண்டு, 1975 அக்டோபரில் சங்கத்தின் பணிக்கு முடிவு கட்டியது. பழைய ஆட்களை வேலைக்கு எடுத்துக் கொள்ள வேண்டும் என்று நான்ஸி கரோலின் வாதாடியதன் பேரில் எடுத்துக் கொண்டார்கள். அப்புறம் வந்தன புதிய பரீட்சைகளும் விதிகளும். பழைய குற்றத்துக்குத் தண்டனை அடைந்தவர் கூடாது என்றார்கள். ஒன்றாக உழைத்தவர்களைப் பிரித்துப் போட்டார்கள். எத்தனையோ பேரின் மூச்சை மீட்டுக் கொடுத்தவர்கள், அனுபவம் குறைந்த வெள்ளையருக்குக் கீழே பெட்டி தூக்க வேண்டியதாயிற்று. யாரையும் நேரில் வெளியேறச் சொல்லாமலே வெளியேறச் செய்யும் வித்தை சர்க்கார் காரியாலயங்களுக்கு எந்தத் தேசத்திலும் தெரியும் போலும். சில வருஷங்களில் பெரும்பாலோர் போய் விட்டனர்.

ஜான் மூன் போகவில்லை. அவமதிப்பையெல்லாம் விழுங்கிக் கொண்டு அங்கேயே இருந்தார். 2009-ல் ஓய்வு பெற்றபோது அவர் அந்நகரத்து ஆம்புலன்ஸ் இலாகாவின் உதவித் தலைவர்.