"கொஞ்சம் குடுத்துப் பழக்கு" என்று சொல்லாதீங்க

திருகோணமலையில ஒரு பிள்ளைக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்றால், ஊர் அதை ஒரு வருத்தமாகவே எடுக்காது. "கிரந்திதானே, வளர வளரப் போயிடும்" என்று ஒரு மாமி சொல்லுவா. "துறைமுகத்துப் பிள்ளைக்கு இறால் ஒத்துக்கொள்ளாதாமே" என்று இன்னொருவர் சிரிப்பார். கடைசியில பழி அம்மாவின் தலையில விழும்: "நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்திட்டாய். கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கு."

இந்த ஆலோசனைதான் ஆபத்து. உணவு ஒவ்வாமையில் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி, தீங்கில்லாத ஒரு புரதத்தை எதிரியென்று எடுத்துக்கொள்கிறது. இறாலில் பெரும்பாலும் அது ட்ரோபோமயோசின் என்ற புரதம். அவிச்சாலும் பொரிச்சாலும் அது அழியாது. சில பிள்ளைகளுக்கு உடம்பு தடிக்கிறதோட நிற்கும். சிலருக்குத் தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் விழும். அப்போது உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. மாமியின் கைமருந்து இல்லை. உடனே 1990 அம்புலன்சுக்கு அழைக்க வேணும்.

கைக்குழந்தைக்கு நேரத்தோட கச்சான் சேர்த்த உணவு குடுத்தால் கச்சான் ஒவ்வாமை வருவது குறையும் என்று 2015இல் வெளியான லீப் ஆய்வு காட்டியது உண்மைதான். ஆனால் அது வராமல் தடுக்கிற வழி. ஏற்கனவே ஒவ்வாமை உள்ள பிள்ளையை வைத்தியர் இல்லாமல் குசினியில வைத்துச் சோதிக்க அது அனுமதி இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கு. தடிப்பு வந்ததெல்லாம் ஒவ்வாமை இல்லை. ஐஸ் போடாமல் வெயிலில கிடந்த சூரை மீனில ஹிஸ்டமின் கூடும், சமைச்சாலும் போகாது. அதைச் சாப்பிட்டாலும் முகம் சிவந்து உடம்பு கடிக்கும். பிழை அந்த மீனில, பிள்ளையில இல்லை. வைத்தியரிடம் காட்டாமல் "இனி மீனே வேண்டாம்" என்று நிறுத்தினால், எங்கட ஊரில இலகுவாகக் கிடைக்கிற நல்ல புரதம் பிள்ளைக்கு இல்லாமல் போகும்.

ஆகவே அந்தக் குடும்பத்துக்குத் தேவை அனுதாபம் இல்லை, தகவல். மீன் ஒவ்வாத பிள்ளைக்கு சீனிச்சம்பல் பணிசுக்குள்ள மாசி காத்திருக்கும். இறால் ஒவ்வாத பிள்ளைக்கு, இறால் வடை பொரிச்ச எண்ணெயில பொரிச்ச உழுந்து வடையும் சரிவராது. பால் ஒவ்வாத பிள்ளைக்கு கிளினிக்கில குடுக்கிற திரிபோஷாவும் சரிவராது, அதில பால்மா இருக்கு.

பிரித்தானியாவில ஒரு கடையில வாங்கிய பாணில் இருந்த எள்ளால், 2016இல் 15 வயது நட்டாஷா இறந்தாள். பெற்றோர் போராடினார்கள். கடையிலேயே செய்து பொதி செய்து விற்கிற உணவிலும் சேர்மானங்களை எழுத வேணும் என்ற சட்டம் 2021 ஒக்டோபரில் அங்கே நடைமுறைக்கு வந்தது.

எங்கட வடை வண்டியில லேபல் ஒட்ட ஏலாது. ஆனால் "இது எந்த எண்ணெய், அண்ணே?" என்று ஒரு அம்மா கேட்டால், முகம் சுளிக்காமல் உண்மையைச் சொல்ல ஏலும். வகுப்பு ஆசிரியர் எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று எழுதி வைக்க ஏலும். பிறந்தநாள் வீட்டுக்குக் கூப்பிடுற நாங்கள் முதல்நாளே கேட்டுக்கொள்ள ஏலும். இதுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.