பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு

உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தி, வெட்டுப்புள்ளியையும் தாண்டி, இவ்வாண்டு பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகளுள்ள வீடுகளில் பெட்டி அடுக்கும் வேலை மும்முரமாக நடைபெறுவதை நாம் அறிவோம். படுக்கை விரிப்பு எத்தனை, மிளகாய்த்தூள் எவ்வளவு, பருத்தித்துறை வடையை எந்த ரின்னில் போட்டால் நமுத்துப்போகாது என்றெல்லாம் தாய்மார் ஆலோசிக்கிறார்கள். இவை யாவும் அவசியமானவையே. ஆயினும் பெட்டிக்குள் அடங்காத சில விஷயங்களையும் பிள்ளை கொண்டுசெல்லவேண்டியிருக்கிறது. எந்த வாசலில், யாரிடம், எதைக் கேட்கவேண்டும் என்பதை வீட்டிலேயே அறிந்துகொண்டு புறப்படும் பிள்ளைக்கும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று புறப்படும் பிள்ளைக்கும் உள்ள வேற்றுமை முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

பேராதனையை உதாரணமாக வைத்தே இன்று பேச விரும்புகிறோம். யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில், கொழும்பு என எங்கு செல்பவர்களுக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும். இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906ஆம் ஆண்டில் எழுந்த இயக்கத்தில் முன்னின்றவர் பொன்னம்பலம் அருணாசலம். 1942இல் கொழும்பிலே தோன்றிய அப்பல்கலைக்கழகம், 1952இல் மகாவலிக் கரைக்குக் குடிபெயர்ந்தது. அருணாசலத்தின் பெயரிலும் அவர் தமையனார் இராமநாதனின் பெயரிலும் அங்கே விடுதிகள் உண்டு. ஒருபுறம் ஆறு, மறுபுறம் ஹந்தானை மலை, இடையிலே சரிவுகளில் தூரந்தூரமாகக் கட்டிடங்கள். சமதரையில் சைக்கிளோட்டி வளர்ந்த பிள்ளைக்கு முதல் வாரத்தில் கால் வலிப்பது நிச்சயம். ஆதலின் அழகான சப்பாத்தைவிட நல்ல சப்பாத்து ஒரு சோடியும், குடையொன்றும், இரவுக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையும் கொடுத்தனுப்புங்கள்.

அங்குள்ள உதவிகளைச் சொல்வோம். பல்கலைக்கழகத்துக்கெனச் சுகாதார நிலையம் ஒன்று இருக்கிறது. வைத்தியரைப் பார்க்க மாணவருக்குக் கட்டணமில்லை. தொய்வு, வலிப்பு, நீரிழிவு, மருந்து ஒவ்வாமை முதலிய தொல்லைகளுள்ள பிள்ளை, ஆரம்ப வைத்தியப் பரிசோதனையின்போதே அவற்றை மறைக்காமற் சொல்லிவிடவேண்டும். சொன்னால் இடம் பறிபோய்விடுமோ என்று அஞ்சிச் சில பெற்றோர் வாயைக் கட்டிவிடுகிறார்கள். நள்ளிரவில் பிள்ளைக்கு மூச்சுத் திணறும்போது அறைத் தோழனுக்கு ஒன்றுமே தெரியாமலிருப்பதுதான் அதனால் விளையும் பலன். ஒவ்வொரு பீடத்திலும் விரிவுரையாளர் சிலர் மாணவர் ஆலோசகர்களாக நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். விடுதிக்கு வார்டனும் துணை வார்டன்களும் உண்டு. மார்ஷல் எனப்படும் ஒழுங்கு அலுவலரும், வாசற் காவலரும் உண்டு. இவர்களெல்லாம் தண்டிப்பதற்காகவே இருப்பவர்கள் என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறார்கள். அந்த எண்ணத்தை வீட்டிலேயே களைந்து அனுப்புதல் நன்று.

இத்தனை உதவிகளும் இருக்க, அவை மிக வேண்டிய காலத்தில் பிள்ளைக்குப் பயன்படாமற் போவது ஏன் என்று கேட்கலாம். காரணம் ஒன்றுதான். அதன் பெயர் பகிடிவதை.

நம்மவர் இதற்கு வைத்த பெயரைப் பாருங்கள். முன்னே பகிடி, பின்னே வதை. முதல் நாள் பெயரைக் கேட்டுப் பாட்டுப் பாடச் சொல்வது பகிடி போலவே தோன்றும். பின்னர் இந்த வழியால் நடக்கக்கூடாது, இந்தச் சிற்றுண்டிச்சாலையில் இருக்கக்கூடாது, நூலகத்துக்குப் போகக்கூடாது, இன்ன உடைதான் உடுக்கவேண்டும், விரிவுரையாளரோடு பேசக்கூடாது என்று கட்டளைகள் வரும். நாம் கவனிக்கவேண்டியது இந்தக் கடைசிக் கட்டளையையே. ஆலோசகர், வார்டன், வைத்தியர் ஆகிய எல்லா வாசல்களையும் அது ஒரேயடியாக மூடிவிடுகிறது. உதவி இல்லாமையாலன்று, உதவியை நாடுவது குற்றமென்று நம்பவைக்கப்படுவதாலேயே புதிய மாணவன் தனித்துப்போகிறான்.

இதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதற்குப் பேராதனையே சாட்சி. 1975இல் அங்கு ஒரு மாணவி வதை தாளாது விடுதி மாடியிலிருந்து குதித்து, நடக்கமுடியாதவரானார். 1997இல் தமிழ் மாணவரொருவர், பொறியியல் படிக்கச் சென்றவர், கடுமையான உடற்பயிற்சிகளைச் செய்யுமாறு வற்புறுத்தப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து உயிர்நீத்தார். அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1998இல், 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்செயல்களையும் தடை செய்யும் சட்டம் அது. உடலைத் துன்புறுத்துவது மாத்திரமன்று, மனவேதனையையோ அச்சத்தையோ விளைவிக்கும் செயலும் அச்சட்டப்படி பகிடிவதையே. தண்டனை இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ பாரதூரமான காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டு வரை. குற்றவாளியைக் கல்வி நிறுவனத்திலிருந்து நீக்கும்படி கட்டளையிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு. “எங்கள் காலத்திலும் இருந்ததுதானே, இரண்டு மாதம் பொறுத்துக்கொள்” என்று சொல்லும் மாமன்மாரும் சித்தப்பாமாரும் இதைச் சற்றுக் கவனிப்பார்களாக.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். பிள்ளை தூர இடம் போகிறதென்றதும், நம்மூர்ப் பையன் யாராவது அங்கே மூத்த வகுப்பில் இருக்கிறானா என்று தேடி, அவன் கையில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியடைவது நம் வழக்கம். நல்ல அண்ணன்மாரும் அக்காமாரும் இல்லையென்று சொல்லமாட்டோம், பலர் உண்டு. ஆனால் தமிழ்ப் பிள்ளையை வதைப்பவர் பெரும்பாலும் தமிழ் பேசும் மூத்த மாணவரே. ஊர்ப் பெயரையும் பள்ளிக்கூடப் பெயரையும் சொல்லிக்கொண்டே அவர்கள் அணுகுவார்கள். ஆதலின் ஊர்க்காரன் என்பது நற்சாட்சிப் பத்திரமாகாது. அவன் உங்கள் பிள்ளையை வார்டனிடமும் ஆலோசகரிடமும் கூட்டிச்சென்று அறிமுகப்படுத்துகிறானா, அவர்களிடம் போகாதே என்று தடுக்கிறானா என்று பாருங்கள். அவனை எடைபோட அது ஒன்றே போதும்.

வதை இப்போது கைத்தொலைபேசி வழியாகவும் வருகிறது. கொவிட் காலத்தில் வகுப்புகள் வீட்டிலிருந்தே நடந்தபோதுகூட, இரவிரவாக அழைப்பெடுத்துத் தொல்லை கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. அத்தகைய செய்திகளைப் பிள்ளைகள் அவமானத்தால் அழித்துவிடுகிறார்கள். அழிக்கலாகாது. நாள், நேரம், இடம், முன்னே நின்றவர் யார் என்பனவற்றை அன்றன்றே ஒரு கொப்பியில் எழுதிவைப்பது நலம். முறைப்பாட்டைப் பீடாதிபதிக்கோ மாணவர் ஆலோசகருக்கோ கொடுக்கலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் நேரே அனுப்பலாம். ஆபத்து உடனடியானதாயின் பொலிஸாரை 119இல் அழைக்கவேண்டும். பெண்பிள்ளைகளுக்கென 1938 என்ற இலக்கமும், மனம் தாங்காத வேளையில் பேசுவதற்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் இருக்கின்றன.

பெற்றோர் செய்யவேண்டியது இதைவிடச் சிறியது, ஆனால் கடினமானது. என்ன நடந்தாலும் எங்களிடம் சொல், படிப்பை விட்டுவிட்டு வந்தாயே என்று ஏசமாட்டோம் என்று, புறப்படுமுன் ஒருமுறையாவது வாய்திறந்து சொல்லவேண்டும். “இந்தக் குடும்பத்திலேயே முதலாவதாகப் பல்கலைக்கழகம் போகிறவன் நீ” என்ற பெருமையைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை, அந்தப் பெருமையைக் குலைக்க அஞ்சி எதையும் சொல்லாது. தொலைபேசியில் “சாப்பிட்டாயா?” என்ற கேள்விக்கு எப்போதும் “ஓம்” என்றுதான் பதில் வரும். நூலகத்துக்குப் போனாயா, அங்கே எந்த மேசையில் இருந்தாய் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதமாகியும் நூலகத்துக்குள் காலடி வைக்கவில்லையென்றால், யாரோ தடுக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். வடக்கிலிருந்து கண்டிக்குச் செல்லும் பிள்ளை, காய்ச்சல் எத்தனை நாள், எங்கே வலிக்கிறது, பஸ் எங்கே நிற்கும், எனக்கு உதவி வேண்டும் என்னும் இவ்வளவையாவது சிங்களத்திற் சொல்லப் பழகிக்கொள்ளட்டும். யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் படிக்க வரும் சிங்களப் பிள்ளைகள் தமிழில் நாலு வார்த்தை பேச முயலும்போது நமக்கு எவ்வளவு மகிழ்ச்சி! அதே மகிழ்ச்சியை அங்குள்ளவர்களிடமும் காணலாம். ஆயின் பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால் அரைகுறைச் சிங்களத்தை நம்பவேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. தமிழிலேயே சொல்லலாம், விளங்காத மொழியில் எழுதிய தாளிற் கையொப்பமிடலாகாது.

இனி ஆறும் காய்ச்சலும். மகாவலி பார்ப்பதற்குச் சாதுவாகத் தோன்றும். கேணியிலும் கடலிலும் நீந்திய பிள்ளைகள் அதை எளிதாக எண்ணிவிடுகிறார்கள். பேராதனையில் மழையே இல்லாத நாளிலும் மேலே மலையில் மழை பொழிந்தாலோ, கொத்மலை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறந்தாலோ, நீர்மட்டம் விரைவாக உயரும். நண்பர் கூட்டத்தோடு குளிக்கப் போகிறோம் என்றால், போகவேண்டாமென்றே நாம் சொல்வோம். ஹந்தானை மலையேறுவதாயின் காலையிலேயே, வழி தெரிந்தவரோடு, விடுதியிற் சொல்லிவிட்டு ஏறவேண்டும். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் வந்த பாதையே தெரியாது. மண்சரிவு எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாகாது என்பதை 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டுக்கு உணர்த்திச் சென்றிருக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

டெங்கு எங்கும் உண்டு. 2017இல் மாத்திரம் இந்நாட்டில் 186,000 பேர் வரையில் அந்நோய்க்கு ஆளாயினர். விடுதியில் பிள்ளை காய்ச்சலைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு படுத்திருப்பதுதான் ஆபத்து. பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், ஐபியூபுரோபன் போன்ற மாத்திரைகளைத் தானாக விழுங்கலாகாது. அவை இரத்தக்கசிவை அதிகமாக்கக்கூடும். காய்ச்சல் தொடர்ந்தால் தாமதியாமல் இரத்தப் பரிசோதனை செய்விக்கவேண்டும். காய்ச்சல் இறங்கும் நாளிலேயே நோய் கடுமையாவதுண்டு. அந்நாளில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு கண்டால் வைத்தியசாலைக்கே செல்லவேண்டும். வாகனமில்லையே என்று விடியும்வரை காத்திருப்பது தவறு. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடெங்கும் பரவிய சுவசெரிய அம்புலன்ஸை 1990இல் அழைத்தால் கட்டணமின்றி வரும்; தமிழிலும் பேசலாம்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மகாபொல புலமைப்பரிசிலோ உதவுதொகையோ கிடைத்தாலும், முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் செல்வதுண்டு; அதுவரைக்கும் வேண்டியதை வீட்டிலிருந்தே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வெளியே அறை எடுப்பதாயின், முற்பணம் கொடுக்குமுன் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் அவ்வழியே நடந்து பாருங்கள். உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவும், ஒரே மின்செருகியில் சோற்றுக் குக்கர், கேத்தில், இஸ்திரிக்கை எல்லாம் தொங்காத அறையும் வாடகையைவிட முக்கியம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றின் பிரதிகளில் ஒரு தொகுதி வீட்டிலும் இருக்கட்டும்.

கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஏ9 வீதி 300 கிலோமீற்றருக்கு மேல் நீளுகிறது. இரவு பஸ்ஸில் ஏறினால் இருள் விலகுமுன்னே கண்டியில் இறங்க நேரும். முதற் பயணத்தில் பெற்றோரில் ஒருவர் கூடச் செல்வது நல்லது. இயலாதாயின் பகல் பஸ்ஸே உத்தமம். இரவுப் பயணம் தவிர்க்க முடியாததென்றால், வெளிச்சம் வரும்வரை ஆட்கள் நடமாடும் இடத்தில் பஸ் நிலையத்திலேயே இருந்துவிட்டு, பிறகு பேராதனை பஸ்ஸைப் பிடிக்கலாம். மேலே சொன்ன இலக்கங்களையும், வார்டனுடைய இலக்கத்தையும், வீட்டு இலக்கத்தையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பணப்பைக்குள் வைத்துவிடுங்கள். கைத்தொலைபேசியில் மின் தீர்ந்துபோனாலும் கடதாசி கைகொடுக்கும்.