காசநோயும் கணக்கப்பிள்ளைகளும்

சேர்வராயன் மலைக் காற்று உடம்புக்கு நல்லதாம்! வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டில் காப்பி பயிரிட்டார். பின்னாலேயே மற்ற துரைமார்களும் சமவெளி வெயிலுக்குத் தப்பி மலையேறினார்கள், பங்களா கட்டினார்கள், உடம்பைத் தேற்றிக்கொண்டார்கள். அதே காற்றைத்தான் காப்பிப் பழம் பறிக்கிற பெண்ணும் சுவாசித்தாள். அவளுக்கு மட்டும் அந்தக் காற்று ஏன் மருந்தாகவில்லை?

இதற்கு விஞ்ஞானம் பதில் சொல்லி அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. சீமையில் அல்ல, நம் சென்னையிலேயே சொன்னது. அந்தப் பதிலில் தங்களுக்குச் சௌகரியமான பாதியைச் சர்க்கார்கள் கிழித்து எடுத்துக்கொண்டன. மறு பாதியைக் குப்பையில் போட்டன. இன்றைக்கும் “மருந்து இலவசம், ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது, ஜனங்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்” என்று பேசுகிற கனவான்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

காசநோய்க்கு அந்த நாளில் சானடோரியம்தான் வைத்தியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு. பணம் படைத்தவனுக்கு அது கிடைத்தது. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்தின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஒரு சோதனை நடந்தது. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேர். எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். பாதிப்பேருக்கு வீட்டில், பாதிப்பேருக்குச் சானடோரியத்தில்.

யார் எங்கே என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள்! ஏன் குலுக்கல்? ஆலைத் தொழிலாளிக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு நூற்பாலையில் இரண்டு ரகப் பஞ்சில் எது நன்றாக ஓடுகிறது என்று மானேஜர் பார்க்க விரும்புகிறார். தமக்குப் பிடித்த ரகத்தைப் புதிய மெஷினில், கைதேர்ந்த ஆளிடம் கொடுக்கிறார். மற்றதைத் தேய்ந்துபோன மெஷினில் போடுகிறார். பிறகு “பார்த்தீர்களா, இந்தப் பஞ்சுதான் உயர்ந்தது” என்கிறார். அவர் சோதித்தது பஞ்சையா, மெஷினையா? டாக்டரும் மனிதர்தானே. தெம்பான நோயாளியை ஒரு பக்கம், தளர்ந்தவனை மறு பக்கம் என்று தம்மை அறியாமலே தள்ளிவிடுவார். குலுக்கல் வந்தால் டாக்டரின் விருப்பம், நோயாளியின் அந்தஸ்து, சிபாரிசு எல்லாம் அடிபட்டுப் போகும். 1948-ல் லண்டனில் வெளிவந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துச் சோதனை இந்த வழியைத்தான் காட்டியது. 107 நோயாளிகள், மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர் 4, படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர் 14. அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது?

சென்னைச் சோதனையின் முடிவு 1959-ல் வந்தது. வருஷக் கடைசியில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர், வீட்டில் நூற்றுக்கு 86 பேர். இவ்வளவு சிறிய கூட்டத்தில் தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் அது. நெரிசலான குடிசை, அரைவயிற்றுச் சாப்பாடு, உடம்பு கொஞ்சம் தேறியதுமே வேலை — இத்தனையிலும் மருந்து வேலை செய்தது. வீட்டில் நோயாளி இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. மலைக்காற்று மகிமை மண்ணைக் கவ்வியது! ஏழைக்கு அவன் குடிசையிலேயே குணம் உண்டு என்று நிரூபணமாயிற்று. இதை நாம் பாட்டாளி வர்க்கத்துக்குக் கிடைத்த வெற்றியாகவே கருதுகிறோம். “சோதனை என்றாலே ஏமாற்று” என்று பேசுகிற நம் தோழர்கள் சிலரும் இதைக் கவனிக்க வேண்டும். நேர்மையான சோதனை ஏழைக்குச் சத்துரு அல்ல.

சர்க்கார் என்ன செய்தது? “படுக்கை வேண்டாம், வீட்டு வைத்தியம் மலிவு” என்ற பாதியைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தச் சோதனையில் வீட்டு வைத்தியம் சும்மா ஜெயிக்கவில்லை. சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், வராதவரைத் தேடிப் பிடித்தார்கள். செலவு பிடிக்கிற காரியம் அது. 1962-ல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தபோது, மாத்திரையை வாங்கிக்கொண்டு போ என்பதே பெரும்பாலும் மிஞ்சியது. முப்பது வருஷம் கழித்து 1992-ல் திட்டத்தை எடை போட்டார்கள். பாதிக்கும் குறைவானவர்களே மருந்தை முடித்திருந்தார்கள்! பழி யார் மேல்? ஜனங்களின் அறியாமை மேல்!

அறியாமையா? 1963-ல் பெங்களூர் தேசிய காசநோய் நிலையத்தின் பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் ஜில்லாக் கிராமங்களில் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். சளியில் கிருமி இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றிருக்கிறார்கள். கிடைத்தது இருமல் மருந்து! ஜனங்கள் வந்தார்கள், வாசலில் இருந்தவர்கள்தான் திருப்பி அனுப்பினார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். மருந்துச் சோதனையோடு செலவுக் கணக்கும் இப்போது சேர்ந்தே வருகிறது. எந்த வைத்தியத்துக்கு எவ்வளவு பணம், அதற்கு எத்தனை ஆரோக்கிய வருஷம் கிடைத்தது என்று வகுத்துப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். மக்கள் பணம் வீணாகக் கூடாது. ஆனால் ஆலையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு வேலைப்பளு அளக்க வருகிறவரை நமக்குத் தெரியும். இழை அறுந்ததை எண்ணுவார், கை ஓடுகிற வேகத்தை எண்ணுவார். பஞ்சுத் தூசியில் நெஞ்சு அடைப்பதை எண்ண மாட்டார். பொய்க் கணக்கு எழுதினார் என்று அவரைச் சொல்ல முடியாது. எதை எழுதாமல் விட்டார் என்பதில்தான் சூழ்ச்சி இருக்கிறது.

மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். மூன்று வாரமாக இருமல். எக்ஸ்ரேக்கோ பெரிய டாக்டரிடமோ சேலம் போ என்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, திரும்ப ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போயிற்று. துணைக்கு வருகிற புருஷனின் கூலியும் போயிற்று. பஸ் கட்டணம், வெளியில் சாப்பாடு, பழம் பறிக்கிற பருவமானால் அதில் கிடைக்கிற கூடுதல் காசு — எல்லாம் போயிற்று. ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் எழுதுகிற கணக்கில் இவற்றுக்கு இடம் இல்லை. அந்த நோட்டில் அவளைக் கீழே வரவழைப்பது “மலிவு”. ஊழியரை மேலே அனுப்புவது “செலவு”. செலவு குறையவில்லை, ஐயா. சர்க்கார் பையிலிருந்து அவள் மடிக்கு மாறியிருக்கிறது!

இன்னொரு கணக்கு இதைவிடக் கொடுமை. நோயால் போன நாளுக்குக் கூலியை வைத்து விலை போடுகிறார்கள். கூலி குறைந்தவனின் நாள் மலிவு. ஆகவே அவன் உயிரும் மலிவு. வீட்டில் தண்ணீர் சுமந்து, சோறாக்கி, பிள்ளை வளர்ப்பவளுக்குக் கூலியே கிடையாது. அவள் பெயரில் பூஜ்யம். முதலாளி முதலில் கூலியைக் குறைக்கிறான். நிபுணர் அந்தக் கூலியை வைத்தே உயிரின் விலையைக் குறைக்கிறார்.

சாப்பாட்டு விஷயத்திலும் இதே கதை. 1959 சோதனை கேட்ட கேள்வி ஒன்றுதான்: முழு மருந்து கொடுத்தால் வீட்டில் குணமாகுமா? அதற்குப் பதில், ஆகும். “சாப்பாடு முக்கியமில்லை” என்று அதைத் திரித்து எத்தனை வருஷம் காலம் தள்ளினார்கள்! அந்தச் சென்னை நிலையமே, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில், ஜார்க்கண்டில் நடந்த இன்னொரு சோதனையில் பங்கேற்றது. 2023 ஆகஸ்டில் முடிவு வந்தது. 2,800 நோயாளிகளின் வீட்டார் 10,345 பேர். குலுக்கலில் ஒரு பக்கத்துக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 குறைந்தது. தொற்றுகிற வகை நூற்றுக்கு 48 குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்கள் சாவிலிருந்து அதிகம் தப்பினார்கள்.

அரிசி பருப்பு நோயைத் தடுக்கும் என்று நிரூபிக்க மறு பக்கத்துக் குடும்பங்கள் அரிசி இல்லாமல் இருக்க வேண்டியிருந்ததே என்று நம் நெஞ்சு கொதிக்கத்தான் செய்கிறது. ஆயினும் சோதனை நடத்தியவர்களை நாம் குறை சொல்லவில்லை. பசித்தவன் சொன்னால் கஜானா கேட்காது, புள்ளி விவரம் சொன்னால்தான் காதில் ஏறும் என்ற நிலைமையை உண்டாக்கியவர்கள் வேறு ஆட்கள்.

எல்லாச் சோதனையும் நேர்மையாக நடப்பதில்லை என்பதையும் மலைவாழ் மக்கள் மறக்கக் கூடாது. 2009-ல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் ஜில்லாவில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்காகப் பழங்குடிச் சிறுமிகளுக்கு ஊசி போட்டார்கள். எத்தனையோ பேருக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டது தாய் தகப்பன் அல்ல, விடுதி வார்டன்! 2013-ல் பார்லிமெண்ட் கமிட்டி இதை வன்மையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லது என்பது வேறு விஷயம். கேட்காமல் போட்டது அக்கிரமம். 2019-ம் ஆண்டு விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் சாதாரண மனிதர் ஒருவர் உட்கார வேண்டும். அந்த நாற்காலியில் ஓய்வுபெற்ற அதிகாரியின் நண்பர் எதற்கு? தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்காரர் உட்காரட்டும், மலையாளிக் கிராமத்துப் பெண் உட்காரட்டும். எந்தக் கேள்வியைச் சோதிக்கிறீர்கள், எந்தச் செலவை நோட்டில் எழுதுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கட்டும்.

காசநோயாளிக்குச் சத்துணவுக்கென்று 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய்! வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு அரிசி பருப்பு தர வேண்டும் என்று உங்கள் சோதனையே சொல்லிவிட்டது. நோயாளியின் இழந்த கூலியை ஈடுகட்டுங்கள். ஊழியரை மலைக்கு அனுப்புங்கள். சேலத்துக்கு வந்துதான் தீர வேண்டுமென்றால் பஸ் கட்டணத்தையும் துணைக்கு வருபவரின் அன்றைய கூலியையும் அங்கேயே, அன்றைக்கே கொடுங்கள். அதற்குப் பிறகும் அவள் மருந்தைப் பாதியில் விட்டால், அப்போது வந்து எங்களோடு பேசுங்கள்.