நடுங்கும் கைக்குத் துணை யார்?

கல்முனை மாநகரில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்று. கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை மற்றொன்று. ஓர் ஊருக்குள் இரண்டு பெரிய வைத்தியசாலைகள் அமைவது இந்நாட்டின் பல பகுதிகளுக்கு வாய்க்காத பேறு. இலவச வைத்தியம் என்னும் நல்லேற்பாடு இந்நாட்டில் இன்னும் உயிரோடிருக்கிறது. இவற்றையெல்லாம் மனமார ஒப்புக்கொண்ட பின்னரே நாம் ஒரு கேள்வியை எழுப்புகின்றோம். பார்க்கின்சன் நோய்வாய்ப்பட்ட முதியவர் ஒருவர் மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்கு வந்து மாத்திரை பெற்றுச் செல்கிறார். எஞ்சிய 29 நாள்களும் அவருக்குத் துணை யார்?

நடுக்குவாதம் என நம்மவர் வழங்கும் இந்நோயை 1817-ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் முதன்முதலாகத் தெளிவுற விவரித்தார். மூளையின் ஆழத்தில் டோபமீன் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் சிறிது சிறிதாக மடிவதால் உடலசைவு தளர்கிறது. கை நடுங்கும், நடை குறுகும், தசை இறுகும், எழுத்துச் சிறுக்கும், குரல் தேயும். நடுக்கமே தோன்றாமல் இறுக்கமும் மந்தமும் மட்டும் தோன்றுவதுமுண்டு. இவற்றையெல்லாம் ‘வயது போனால் இப்படித்தான்’ என்று தள்ளிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. முதுமை வேறு, இந்நோய் வேறு. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலிக்கு 1984-இல் இந்நோய் கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது 42. 1996-இல் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியபோது அவர் நடுங்கும் கையை மறைக்க முயலவில்லை. நம் ஊர்களிலோ கை நடுங்கத் தொடங்கியவர் தேநீர்க் கடைக்குப் போவதை நிறுத்துகிறார்; பிறகு கலியாண வீட்டை; கடைசியில் பள்ளிவாசலையும்.

நம் கரையோரக் குடும்ப அமைப்பையும் இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பது மருதமுனை தொட்டுப் பொத்துவில் வரை முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் பொதுவான வழக்கம். தாய்வழிக் குடிமுறையும் அவ்வாறே. ஆதலால் முதுமையில் பெற்றோர் மகளின் வீட்டிலேயே தங்குகின்றனர். வாப்பாவுக்கு இந்நோய் கண்டால் அதன் பாரம் முழுவதும் அந்த ஒருத்தியின் தோளில் இறங்குகிறது. கணவர் கட்டாரிலோ சவூதியிலோ உழைத்துக்கொண்டிருப்பார். இரவில் படுக்கையிற் புரள இயலாத தந்தையைப் புரட்டிவிடுபவளும், சட்டைப் பொத்தானைப் பூட்டுபவளும், சோற்றை ஊட்டுபவளும் அவளே. நோயினால் தந்தையின் முகம் உணர்ச்சி காட்டாது உறைந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. தன்மேல் ஏதோ கோபம் என்றெண்ணி அழுகிறாள். பெற்றாருக்குச் செய்யும் கடமை என்று ஊர் அவளைப் போற்றுகிறது. போற்றியவர்களில் ஒருவரேனும் ஒரு பிற்பகல் அங்கே வந்தமர்ந்து, அவளை உறங்கச் சொன்னதுண்டா?

அவளுக்குச் சொல்லப்பட வேண்டியவை எத்தனை! 1960-களில் வழக்குக்கு வந்த லெவோடோபா மருந்துதான் இன்றும் இந்நோய்க்கு முதன்மையான மருந்து. நோயின் மூலத்தை அது மாற்றுவதில்லை. அசைவை மீட்டுத் தருகிறது. ஆனால் அதற்கு நேரம் முக்கியம். நோய் முற்ற முற்ற ஒரு வேளை மாத்திரையின் பயன் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. மேலும், மீன், இறைச்சி, பருப்பு முதலிய புரத உணவு அம்மருந்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். மூன்று வேளையும் மீனாணமின்றிச் சோறிறங்காத நம் கரையில், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முந்தி விழுங்கவேண்டும் என்ற ஒரு சொல், பலருக்கு அரை நாள் நடமாட்டத்தை மீட்டுக் கொடுக்கும். நோன்பு மாதத்தில் இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. எனினும் நோன்பை விட மனமில்லாத முதியவர் மாத்திரையை விட்டுவிடுகிறார். இம்மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரும் ஆலிமும் ஒரே மேடையில் அமர்ந்து, ஷஃபான் மாதத்திலேயே இதனை விளக்கவேண்டாமா? தலைச்சுற்றுக்கு மாதக்கணக்கில் விழுங்கப்படும் சினரிசின் போன்ற சில மாத்திரைகளே இந்நோயை ஒத்த நடுக்கத்தை உண்டாக்கும் என்பதும், பூனைக்காலி விதையில் லெவோடோபா உண்டென்பதற்காக அதை அளவறியாமல் உண்ணலாகாது என்பதும் ஊரறிய வேண்டிய செய்திகள். 2022-இல் நாடு மருந்துக்குத் தவித்தபோது, எந்த மருந்தகத்தில் எது இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒரு சங்கம் இருந்திருப்பின், எத்தனை வீடுகளின் அலைச்சல் குறைந்திருக்கும்!

பிற நாடுகளில் இக்காரியத்தை அரசாங்கம் தொடங்கி வைக்கவில்லை. பிரித்தானியாவில் 1969-இல் பார்க்கின்சன் நோய்ச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் மாலி ஜெங்கின்ஸ் என்ற பெண்மணி. அவருடைய சகோதரிக்கு இந்நோய். விளக்கம் கேட்கப் போக்கிடமில்லை. அதனால் தாமே ஒரு சங்கம் கண்டார். மும்பையில் 2001-ஆம் ஆண்டு தொடங்கிய சங்கமொன்று இந்திய நகரங்கள் பலவற்றில் நோயாளரையும் குடும்பத்தாரையும் ஒன்றுகூட்டி, உடற்பயிற்சியும் குரற்பயிற்சியும் கட்டணமின்றி அளித்து வருகிறது. அதே 2001-இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் நடனக் குழுவொன்று இந்நோயாளருக்கு ஆட்டம் பயிற்றத் தொடங்கியது. வேடிக்கையன்று; தாளம் கேட்கும்போது, உறைந்து நின்ற கால் பெயர்கிறது. வாசற்படியில் நகரமுடியாது நிற்பவருக்குத் தரையில் ஒரு வண்ணக்கோடு கிழித்துக் காட்டினால் அதைத் தாண்டிக் கால் வைக்கிறார். நமக்கு றபானும் களிகம்பும் உண்டு. தளர்ந்த குரலை உரத்து எழுப்பும் பயிற்சிக்கு, ஓதலைவிடவும் தேவாரத்தைவிடவும் பழகிய வழி வேறெது?

வயலிலே வாழ்வோருக்கும் இங்கே ஒரு சொல் உண்டு. பரகுவாட் என்னும் களைநாசினியைக் கையாண்டோரிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டதென அமெரிக்க விவசாயக் குடும்பங்களில் நடந்த ஆய்வொன்று 2011-இல் வெளியிட்டது. கிருமிநாசினிகளைக் கையாண்ட விவசாயிக்கு வரும் பார்க்கின்சன் நோயைத் தொழில்வழி நோயாகப் பிரான்ஸ் 2012-இல் ஏற்றுக்கொண்டது. இலங்கை 2008-இல் தொடங்கிப் படிப்படியாகப் பரகுவாட்டை விலக்கியது. அதற்குக் காரணம் அதைக் குடித்து மாண்டோரின் தொகையே. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் முதுகிலே தெளிகருவி சுமந்து ஆண்டுக்கணக்காக வெறுங்கையுடன் மருந்தடித்தவர்கள் இன்று முதுமையை எட்டியுள்ளனர். அவர்களுடைய நடுக்கத்துக்கு இதுவே காரணமென்று நாம் அறுதியிட்டுரைக்கவில்லை. ஆயின் நோயாளரின் தொழில் வரலாற்றைக் கேட்டுப் பதிவது கல்முனைப் பிராந்தியச் சுகாதாரப் பணிமனைக்குச் செலவில்லாத காரியம். நாடு பின்னர் இழப்பீட்டைப் பற்றிப் பேசும் நாள் வந்தால், அந்தப் பதிவேடே சான்றாகும்.

பிரதேசச் செயலகத்தின் எல்லை எதுவென்று கல்முனையில் இரு சமூகங்களும் ஆண்டுக்கணக்காக வாதாடுகின்றன. அவ்வழக்கின் நியாயங்களை இங்கே நாம் அளக்கப்போவதில்லை. ஆனால் நடுக்குவாதத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. காரைதீவுத் தாய்க்கும் சாய்ந்தமருது வாப்பாவுக்கும் ஒரே மாத்திரை, ஒரே பயிற்சி. உயிரணையொருவர் இரு வைத்தியசாலைகளுக்கும் பொதுவாக இருந்து, வாரத்தில் ஒரு நாள் ஊர் மண்டபத்துக்கு வந்தால் போதும். 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின் வழிவந்த முதியோர் சங்கங்கள் கிராமங்களில் உள்ளன. சுற்றுலாவும் பரிசளிப்பும் அவற்றுக்குப் போதிய பணியாகா. நோயாளரின் பெயர்ப் பட்டியலைத் தயாரிப்பதை அவை முதல் வேலையாகக் கொள்ளட்டும். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் ஜனாஸாவுக்கு எவ்வளவு ஒழுங்காக ஆள் சேர்க்கின்றன! அதே ஒழுங்குடன், வாரத்துக்கு ஒரு பிற்பகல் அந்த மகளுக்கு ஓய்வளிக்க ஒரு பெண்ணை அனுப்ப அவற்றால் முடியும். கோயில் அறங்காவலருக்கும் இதே வேண்டுகோள்.

கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தபின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. கொழும்பைப் பார்த்திருந்து பயனில்லை. தேவைப்படுவன ஒரு மண்டபம், நாற்பது நாற்காலி, வாரம் ஒரு முறை வரும் உயிரணையல்லாத ஊர்த்தொண்டர் இருவர், தூரத்து ஊர்களிலிருந்து நோயாளரை ஏற்றிவரும் முச்சக்கரவண்டிக் கூலி. இவற்றுள் உடலியக்கப் பயிற்சியாளர் ஒருவரை விடுவித்துத் தருவது மட்டுமே பிராந்தியச் சுகாதாரப் பணிப்பாளரின் கையிலுள்ளது. மற்றவை நம்மிடம் உள்ளன.