ஆள் நிற்கவில்லையாம்!

கண்டி நகரத்து வர்த்தகப் பிரமுகர்கள் கூடும் இடங்களில் ஒரே பல்லவிதான் ஒலிக்கிறது. "கடைக்கு ஆள் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் நிற்பதில்லை" என்பதே அப்பல்லவி. காரணங்களுக்கும் குறைவில்லை. இக்காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையவில்லையாம்; கைத்தொலைபேசி கெடுத்துவிட்டதாம்; தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நன்றி என்பதே கிடையாதாம்! தம்மையன்றி உலகத்தார் அனைவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இப்பிரமுகர்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம்: ஏன் நிற்க வேண்டும்?

ஹந்தானையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறி வருகிறான் ஓர் இளைஞன். கடைக்கதவு திறப்பதும் அவன். இரவு பூட்டுவதும் அவன். இடையில் அவன் உட்கார்ந்தால் முதலாளியின் முகம் கறுக்கிறது. வாடிக்கையாளரை "வாங்க, ஐயா" என்று கைகூப்பும் அதே வாய், மறுகணம் அவனை "டேய்" என்று அதட்டுகிறது. எல்லாக் கடைகளும் இத்தகையன என்று நாம் கூறவில்லை. சிப்பந்தியைத் "தம்பி" என்றழைத்து, தாம் உண்ணும் சோற்றையே அவனுக்கும் இடும் முதலாளிமார் இந்நகரில் உண்டு. அவர்கள் வாயில் மேற்படி பல்லவி வருவதில்லை என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

சட்டம் கேட்பது பெரிதா? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்து, வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வும் அளித்தது. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி என்றது. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12, சிப்பந்தி 8 செலுத்த வேண்டும். ஆகக்குறைந்த வேதனச் சட்டத்துக்கு 2025இல் வந்த திருத்தம், 2026 ஜனவரி முதல் மாதச் சம்பளம் 30,000 ரூபாவுக்குக் குறையலாகாது என்கிறது. இவை தருமமல்ல, கடன். எழுபதாண்டுக்கு முந்திய சட்டத்தை இன்னும் "புதிய தொல்லை" என்று கூறுவோரை என்னென்பது!

சட்டத்தை ஒருபுறம் வைப்போம். கருணையையும் ஒருபுறம் வைப்போம். முதலாளிமாருக்குப் பிடித்த இலாப நட்டக் கணக்கையே எடுப்போம்.

பத்தாண்டு நின்ற சிப்பந்தி ஒருவன் கடையில் என்னவாயிருக்கிறான்? எந்தத் தட்டில் எந்தச் சரக்கு என்பது மட்டுமா அவனுக்குத் தெரியும்? சிங்களத்திலும் தமிழிலும் பேசி விற்கத் தெரியும். மாரஸ்ஸனையிலிருந்து வரும் மரக்கறித் தோட்டக்காரர் சென்ற போகத்தில் எந்த விதை வாங்கினார், எந்த மருந்து அவருக்குப் பலன் தரவில்லை, கடன் வைத்தால் எப்போது தீர்ப்பார் என்பன யாவும் அவன் நினைவில் உள்ளன. அவன் போய், நேற்று வந்த பையன் அங்கு நிற்கட்டும். நீர் இறைக்கும் யந்திரத்துக்கு அளவு பிசகிய வளையத்தைக் கொடுத்தனுப்புவான். உழவர் ஒரு நாள் வேலையையும் பஸ் கட்டணத்தையும் இழந்து திரும்பி வருவார்; அல்லது திரும்பி வராமலே அடுத்த கடைக்குப் போய்விடுவார். முதலாளியின் பேரேட்டில் சம்பளச் செலவுக்கு ஒரு பக்கம் உண்டு. போய்விட்ட வாடிக்கையாளருக்கு எந்தப் பக்கம் உண்டு?

பதினைந்துபேர் வேலை செய்யும் கடையில் ஐந்தாண்டு முடித்தவனுக்குப் பணிக்கொடை உரித்தென்று 1983ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது: ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம். அதற்கஞ்சி, நாலரை ஆண்டில் ஏதேனும் குற்றங்கண்டு அவனை அனுப்பத் துடிக்கும் சாமர்த்தியசாலி இரண்டரை மாதச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறார். ஐந்தாண்டு அறிவை வீதியில் எறிகிறார். எறிந்ததைப் பொறுக்கிக்கொள்பவர் அடுத்த கடைக்காரர்!

பெரிய அங்காடிகள் வந்துவிட்டனவே என்றும் புலம்புகிறார்கள். 1983இல் கொழும்பில் தொடங்கிய ஃபுட் சிட்டி இன்று நாடெங்கும் கிளைவிட்டிருக்கிறது. குளிரூட்டிய மண்டபமும் மொத்தக் கொள்முதலும் அவர்களிடம் உண்டு. சிறு கடையிடம் இருப்பது ஒன்றே: வருபவரைப் பெயர் சொல்லி அழைத்து, வேண்டியதை அறிந்து எடுத்துத் தரும் மனிதன். அவனையும் விரட்டிவிட்டால் எதைக்கொண்டு போட்டியிடுவது?

1913இல் அமெரிக்காவின் ஃபோர்ட் மோட்டார் ஆலையில் சுமார் 14,000 பேரை நிறுத்திவைக்க 50,000க்கு மேற்பட்டோரைச் சேர்க்க நேர்ந்தது. வந்தவர் வந்தவண்ணம் ஓடினர். 1914 ஜனவரியில் எட்டு மணி வேலைக்கு ஐந்து டொலர் என்று அறிவித்தார் ஹென்றி ஃபோர்ட். ஓட்டம் நின்றது, இலாபம் வளர்ந்தது. ஃபோர்ட் தொழிலாளரின் தோழரல்லர். 1941 வரை தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்தவர். அன்னாருக்கே விளங்கிய கணக்கு நம்மவருக்கு விளங்கவில்லை! சில்லறை வியாபாரத்திலேயே உதாரணம் வேண்டுமென்றால், அதே நாட்டின் காஸ்ட்கோ அங்காடிகள் மலிவு விலைக்கும் பெயர்பெற்றவை, சிப்பந்திகளுக்குப் பிறரினும் மேலான சம்பளம் தருவதற்கும் பெயர்பெற்றவை.

அண்டைத் தமிழகத்தில் ஜவுளிக்கடைப் பிள்ளைகள் படும் பாட்டை 2010இல் "அங்காடித் தெரு" திரைப்படம் காட்டியது. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைச் சிப்பந்திக்கு இருக்கை தரவேண்டுமெனச் சட்டமியற்றின. மனிதன் உட்காரவும் ஒரு சட்டமா என்று வெட்கப்பட வேண்டியவர் எவர்?

2022இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழில் தேடி இந்நாட்டை விட்டுச் சென்றனர். இன்று இளைஞனுக்கு வேறு வழி உண்டு. கோயில் திருவிழாவில் உபயம் செய்து, மேடையில் சமூகத்தின் உயர்வைப் பேசி, மறுநாள் அதே சமூகத்துப் பிள்ளையின் சேமலாப நிதியை விழுங்குவோரின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

கணக்காளர்களே, சட்டத்தரணிகளே! இக்கடைகளின் கணக்குகளையும் பத்திரங்களையும் எழுதுவோர் நீங்கள். சேமலாப நிதி கட்டப்பட்டதா என்று கேளாமல் கையெழுத்திடாதீர்கள். உழவர்களே, தோட்டத்துப் பெற்றோர்களே! பிள்ளையைக் கடையில் விடும் அன்றே வேலை நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள். சேமலாப நிதி இலக்கத்தைக் கேளுங்கள். மறுக்கும் கடையில் பிள்ளையை விடாதீர்கள். தொழில் திணைக்களத்தின் கண்டிக் காரியாலயத்துக்கு எழுதுங்கள்.

நாம் இட்ட கணக்குப் பிழையென்று கருதும் முதலாளி எவரேனும் இருப்பின், தம் பேரேட்டுடன் வரட்டும். அவர் மறுப்பை ஓரெழுத்தும் குறையாமல் வெளியிட நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.